கேரம் போர்டில் காய்ந்த வடகம்

கோவில்பட்டியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், "எண்பது வயசுக்காரங்க விளையாடுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கே தனியாக ஜி.எஸ்.டி. போடலாம்!

என்னையும் அப்படித்தான் பார்த்தார். ஹாக்கி மட்டைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவர் (எங்கள் ஊர் ஹாக்கிக்குப் பேர் போன ஊராச்சே!), துணியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கா சார்?" என்றார்.

எனக்கு வயது அறுபத்து மூன்று. தலைக்கு மை அடித்து முழுசாக மூன்று நாள்கூட ஆகவில்லை. வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, "எங்க பெரியம்மாவுக்கு" என்றேன்.

பெரியம்மா இருப்பது கயத்தாறுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். இந்த வரியை எழுதுவதற்குள் மூன்று தடவை பேனாவை மூடி வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக் கட்டிய பணம், பி.காம். படிக்கக் கட்டிய பணம் எல்லாம் பெரியம்மா தீப்பெட்டி ஒட்டிச் சம்பாதித்த காசு. நூற்று நாற்பத்து நாலு பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அவள் எத்தனை குரோஸ் ஒட்டி நான் ஒரு வருஷம் காலேஜுக்குப் போனேன் என்று கணக்குப் போட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் போடுவதில்லை. நான் பாங்க்கில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர்கள் கணக்கைப் போட்டவன்!

எங்கள் வீடு மாடி. பெரியம்மா படியில் ஒரு தடவை விழுந்தாள். என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன். பையன் பெங்களூரில். ஒருநாள் பெரியம்மாவே, "யய்யா, ஒருத்தர் விழுந்தா ஒருத்தர் தூக்கணும். இங்க எல்லாருமே விழுறவுகளால்லா இருக்கோம். என்னை எங்கயாவது ஒரு நல்ல எடமாப் பாத்துச் சேத்து விடு" என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஆனால், அவள் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேனா என்பது எனக்குத்தான் தெரியும்.

இல்லத்தைக் குறை சொல்ல முடியாது. சுத்தமான இடம். நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை. சுற்றிலும் கரிசல் காடு. அதற்கு அப்பால் வரிசையாகக் காற்றாலைகள். நிர்வாகி தங்கமான மனிதர். முதல் நாளே என்னைக் கூட்டிப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார். ஆறு மணி காபி, எட்டு மணி டிபன் என்று வரிசையாகப் போய், 'மாலை 4 முதல் 5 வரை - பொழுதுபோக்கு' என்று சிவப்பு மையில் இருந்தது.

நாலு மணிக்கு மணி அடித்தார்கள். நாற்பது பேரும் ஹாலுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். டி.வி.யைப் போட்டார்கள். அதில் ஒரு மாமியார் ஒரு மருமகளைப் பார்த்து முறைத்தார். அதை நாற்பது பேரும் பார்த்தார்கள். பாதிப் பேருக்குக் கண்புரை, பாதிப் பேருக்குக் காது மந்தம். ஆகவே முறைப்பு ஒரு பாதிக்கும் வசனம் மறுபாதிக்குமாகப் பங்கு பிரிந்து போய்ச் சேர்ந்தது. ஐந்து மணிக்கு மறுபடி மணி. பொழுது போய்விட்டது! எல்லோரும் எழுந்து போனார்கள்.

"எப்படி இருக்கு பெரியம்மா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றாள்.

"பஸ் ஸ்டாண்டா?"

"ஆமா. பஸ் எப்ப வரும்னுதான் தெரியல."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பொழுதுபோக்கு என்பது ஏதோ நான் கிளப்பிவிட்ட சமாசாரம் என்று நினைக்காதீர்கள். சட்டத்திலேயே இருக்கிறது. 2007-ல் மத்திய அரசு கொண்டுவந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அதே பிரிவில், இல்லங்களில் இருக்க வேண்டிய சேவைகளைச் சொல்லும்போது மருத்துவத்தோடு சேர்த்துப் பொழுதுபோக்கையும் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையும் பொழுதுபோக்கும் ஒரே வாக்கியத்தில்! எழுதிய புண்ணியவானுக்கு வயதான அம்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் பொழுதுபோக்கு என்றால் என்ன என்பதை அவரும் சொல்லாமல் விட்டுவிட்டார். நாம் டி.வி. பெட்டி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

பாங்க்காரன் புத்தி, நான் சும்மா இருப்பேனா? கேரம் போர்டு ஒன்று, பாம்புக் கட்டம் இரண்டு, சீட்டுக்கட்டு நாலு, பிளாஸ்டிக் பல்லாங்குழி ஒன்று. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கேரம் போர்டுக்கு லக்கேஜ் போட்டார்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். கேரம் போர்டு மொட்டை மாடியில் இருந்தது. அதன் மேல் வெள்ளைத் துணி. துணியில் வரிசை வரிசையாக வடகம் காய்ந்துகொண்டிருந்தது. "நல்ல வழவழன்னு, சமமா இருக்கு சார். காக்கா மட்டும் வருது" என்று சமையல்கார அம்மா என்னைப் பாராட்டினார். காற்றுக்குத் துணி பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கேரம் காய்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. குனிந்து ஆட இடுப்பு விடவில்லை. கறுப்புக் காய் தெரிகிறது, சிவப்பு தெரியவில்லை. பாம்புக் கட்டத்தில் ஒரு ஆச்சி தொண்ணூற்று எட்டில் பாம்பு கொத்திக் கீழே இறங்கியவள், "வாழ்க்கை பூரா எனக்கு இதே கததான்" என்று அழுதுவிட்டாளாம். பல்லாங்குழியைப் பற்றிப் பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "பிளாஸ்டிக்குல சத்தமே வரல யய்யா."

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு கூத்து. கார்களில் ஆட்கள் வருவார்கள். பிறந்த நாள், கல்யாண நாள் என்று இங்கே வந்து கொண்டாடுவது இப்போது ஒரு பழக்கம். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. கேக் வெட்டி, எல்லோரையும் கை தட்டச் சொல்லி, பாடச் சொல்லி, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை நாலு கேக். அன்று ராத்திரி ஆளாளுக்குச் சர்க்கரை ஏறி, நர்ஸ் அம்மா தூங்கவே இல்லை.

அப்போதுதான் பெரியம்மா கேட்டாள்: "அவுக வந்து நமக்குப் பொழுதுபோக்குக் காட்டுதாகளா, நம்மள வச்சு அவுக பொழுது போக்குதாகளா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், அந்தக் கேரம் போர்டை நான் யாருக்காக வாங்கினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவே பெரியம்மாவின் விரல்களைக் கவனித்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது சேலைத் தலைப்பை மடிப்பாள், நீவுவாள், திருப்புவாள், மறுபடி மடிப்பாள். ஓயாமல் அதையே செய்துகொண்டிருந்தாள். ஏதோ நரம்புக் கோளாறு என்று பயந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, நடுக்கம் எதுவும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அந்த விரல் அசைவைச் செய்து காட்டினேன். "ஏங்க, இது தெரியலையா உங்களுக்கு? பெட்டி ஒட்டுறாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

திருப்பம் ஒரு சாக்கு மூட்டையில் வந்தது. யாரோ ஒரு தர்மவான் ஒரு மூட்டை நிலக்கடலையை இறக்கிவிட்டுப் போயிருந்தார், தோலோடு! உடைத்த பருப்பாகக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சமையல்கார அம்மா மூட்டையைப் பிரித்து வராந்தாவில் கொட்டிவிட்டு, "இத்தனையையும் நான் ஒருத்தி உடைச்சு, எப்போ..." என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணி பொழுதுபோக்கு மணி அடித்தது. ஹாலுக்குப் போகிற வழியில் ஒரு ஆச்சி நின்றாள். குனிந்து ஒரு கடலையை எடுத்தாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து 'டக்'! அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் பதினாறு பேர். கேரம் போர்டுக்குக் குனியாத இடுப்பெல்லாம் எப்படிக் குனிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கண் தெரியாத வண்டிக்காரத் தாத்தாவும் வந்தார். கடலைக்குக் கண் எதற்கு? விரல் போதுமே.

உள்ளே டி.வி.யில் மாமியார் ஆள் இல்லாத ஹாலைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் ஒரே பேச்சு. எந்த ஊர்க் கடலை எண்ணெய் விடும், எந்தக் கடலை மிட்டாய்க்கு ஆகும் என்று ஆரம்பித்து (கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நான் என் பொது அறிவைக் காட்டினேன், "அதுக்கு முன்னாடி இனிக்கலையாக்கும்?" என்று ஒரு ஆச்சி கேட்டாள்), மாசியில் பருத்தி எடுக்கப் போனது, அம்மாவாசைக்குக் கூலியை மறைத்துச் சீட்டுக் கட்டியது என்று போனது. ஒருத்தி காட்டில் பாடுகிற பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். அது கொஞ்சம் பச்சையான பாட்டு. நிர்வாகி ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார். வண்டிக்காரத் தாத்தா இளவயதில் வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போட்டவராம். இங்கேயும் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா!" போட்டார்.

நான் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் சேலைத் தலைப்பைத் தேடவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியில் இடைசெவல் வந்தது. கி.ராஜநாராயணன் ஊர். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத அந்த விவசாயி, கரிசல் காட்டுப் பேச்சு வார்த்தைகளைத் தொகுத்து 1982-ல் ஒரு அகராதியே போட்டார். 1989-ல், மற்றவர்கள் ரிட்டயர் ஆகிற வயதையும் தாண்டிய பிறகு, புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய் நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். 2021-ல் மறைகிற வரையில் எழுத்துதான். அவர் தேடித் தேடிச் சேர்த்த மாதிரியான கதைகளைத் தலைக்குள் வைத்துக்கொண்டு நாற்பது பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் அவர்களுக்குப் பாம்புக் கட்டம் வாங்கிக் கொடுக்கிறோம்!

மறுநாள் நிர்வாகி போன் பண்ணினார். குரலில் கலவரம். "சார், வயசானவங்கள உக்கார வச்சு வேலை வாங்குறாங்கன்னு யாராவது போட்டோ எடுத்துப் போட்டா என் கதி என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. காலமெல்லாம் உழைத்தவர்களை எண்பது வயதிலும் உழைக்க வைப்பதா? ராத்திரி முழுக்க யோசித்தேன். விடை எனக்குத் தோன்றவில்லை. என் பையன் படிக்கச் சொன்ன விஷயங்களில் கிடைத்தது.

1976-ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில், எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மொத்தம் 91 பேர், இரண்டு கோஷ்டி. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு செடி. ஒரு கோஷ்டியிடம், "இது உங்கள் செடி, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஊற்றுவது உங்கள் பாடு. சினிமா எந்த ராத்திரி பார்ப்பது என்றும் நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார்கள். இன்னொரு கோஷ்டிக்குச் செடியைக் கையில் கொடுத்து, "தண்ணீர் நர்ஸ் ஊற்றிக்கொள்வார்" என்றார்கள். சினிமா நாளையும் இவர்களே சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், முதல் கோஷ்டியில் பெரும்பாலானவர்கள் சுறுசுறுப்பாக, கலகலப்பாக இருந்தார்கள். இரண்டாவது கோஷ்டி வாடியிருந்தது. இருவருக்கும் இடம் ஒன்று, செடி ஒன்று, சினிமாவும் உண்டு. முதல் கோஷ்டிக்கு மட்டும் "நீயே பார்த்துக்கொள், நீயே முடிவு செய்" என்ற வார்த்தையும் சேர்ந்து கிடைத்தது.

அதே தேசத்தில் 1991-ல் பில் தாமஸ் என்ற டாக்டர், நியூயார்க் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு இரண்டு நாய், நாலு பூனை, நூறு கிளி வரவழைத்தார். டாக்டர் அதுல் கவாண்டே தன் புத்தகத்தில் அந்தக் கூத்தை எழுதியிருக்கிறார். நூறு கிளியும் ஒரே நாளில் வந்துவிட்டன, கூண்டு வரவில்லை! ஆனால் பேசாமல் கிடந்தவர்கள் பேசினார்களாம். நாயை நான் நடத்திக் கூட்டிப் போகிறேன் என்று எழுந்து வந்தார்களாம். நம் ஊரிலும் இல்லாமலில்லை. சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் தாமரைக்குளத்தில் ஹெல்பேஜ் இந்தியா அமைப்பு முதியோர் கிராமம் என்றே ஒன்று அமைத்திருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்குத் தோட்டம் துரவு உண்டு.

ஆக, விஷயம் வேலையா விளையாட்டா என்பதில்லை. 'உட்கார்' என்று ஒருவர் சொல்லி உட்கார்ந்தால் அது கேரம் போர்டானாலும் கூலி வேலைதான். தானாக உட்கார்ந்து, தானாக எழுந்து போக முடிந்தால் அது கடலை உடைப்பதானாலும் பொழுதுபோக்குதான்.

இதை நிர்வாகியிடம் சொன்னேன். மனிதர் புரிந்துகொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம்: மணி அடிக்கக் கூடாது, கணக்குக் கேட்கக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது. இஷ்டமிருந்தால் வரட்டும்.

பிறகு ஒவ்வொருவரிடமும் போய், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம். வெட்கமாக இருந்தது. இத்தனை நாளாக யாரும் அதைக் கேட்கவே இல்லையே!

ஆண்கள் பக்கம் ஆடுபுலி ஆட்டத்துக்குச் சிமெண்ட் தரையில் சுண்ணாம்பால் கோடு கேட்டார்கள். ஒரு தாத்தா கட்டபொம்மன் சிலையைப் பார்க்க வேண்டும் என்றார். கயத்தாற்றில்தான் 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1959-ல் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன், பிற்பாடு அங்கே இடம் வாங்கி 1970-ல் சிலை வைத்தார். பக்கத்திலேயே இருக்கிறது. தாத்தா ஆறு வருஷமாக இல்லத்தில் இருக்கிறார், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வேனில் கூட்டிப் போனோம். சிலைக்கு முன்னால் நின்று டூரிங் டாக்கீஸ் தரை டிக்கெட்டில் கேட்ட வசனம் முழுவதையும் ஒப்பித்தார். பல் செட் ஒரு தடவை கழன்றது, வசனம் கழலவில்லை. போகிறவர் வருகிறவர் கை தட்டினார்கள். இங்கே தட்டு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆச்சிமார் கொல்லையில் கொஞ்சம் நிலம் கேட்டார்கள். அவரையும் பாகலும் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றுவதில் தினமும் சண்டை. நிர்வாகி கவலைப்பட்டார். "சண்டை போடுறாங்கன்னா தெம்பா இருக்காங்கன்னு அர்த்தம் சார்" என்றார் நர்ஸ் அம்மா.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். படுக்கையில் இருக்கிற ஆறு பேருக்குக் கடலையும் இல்லை, அவரையும் இல்லை. அவர்கள் கட்டில்களை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டதுதான் எங்களால் முடிந்தது. வராந்தாக் கடைசியில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கிற தாத்தாவிடம், "உங்களுக்கு என்னய்யா வேணும்?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். எழுபது வருசம் ஏர் பிடிச்சாச்சு. சும்மா இருக்கதுதான் எனக்குப் பொழுதுபோக்கு."

"சும்மா இருந்து என்ன செய்வீங்க?"

"காத்தாடி எண்ணுவேன். காலைல எண்ணினா அறுபத்திரண்டு, சாயங்காலம் எண்ணினா அறுபது. அந்த ரெண்டு எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன். மறைக்காம தள்ளி நில்லும்."

தள்ளி நின்றேன். அவர் முடிவும் முடிவுதானே.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பெரியம்மாவுக்குப் பிடித்த சேவு அரைக்கிலோ கையில். பஸ் நேரம் பார்த்து, மதியம் மூன்று மணிக்கே போய்விட்டேன். கொல்லையில் அவரைப் பந்தலுக்குக் கீழே பெரியம்மா உட்கார்ந்து, காய்ந்த நெற்றுகளை உரித்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து பேர். ஏதோ பெரிய கதை ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முன்பெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். போகும்போது கேட் வரை வருவாள். அந்த கேட் வரைக்குமான நடைக்குப் பயந்தே நான் சில வாரம் போகாமல் இருந்திருக்கிறேன்.

"வா யய்யா. சாப்ட்டியா?" என்றாள். சேவுப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து எல்லோருக்கும் நடுவில் வைத்தாள். கதை தொடர்ந்தது. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆனது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன யய்யா, வேற ஏதும் சோலி இருக்கா?"

"இல்லையே பெரியம்மா, உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"அதான் பாத்துட்டியே! பொழுது சாயுறதுக்குள்ள வெதையைப் பொறுக்கி எடுக்கணும். நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிரு. அடுத்த வாரம் வா... வரும்போது முருங்கைக் கொம்பு ஒண்ணு வெட்டிட்டு வா."

கேட் வரைக்கும் நான் தனியாகத்தான் நடந்தேன்.

நாலு மணி பஸ் கிடைத்தது. இந்தத் தடவை என்னிடம் லக்கேஜ் எதுவும் இல்லை.